கைலிக்கு என்ன குறை?

1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி இறக்குமதியாளர் சென்னைக்கு வந்தார். பின்னாளில் லீலா ஓட்டல்களைத் தொடங்கிய கேப்டன் கிருஷ்ணன் நாயர் அப்போது கைத்தறித் துணி ஏற்றுமதியில் இருந்தார். பளிச்சென்று கட்டம் போட்ட துணி, கஜம் ஒரு டாலர் என்று பேசி முடித்தார்கள். நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடை அதைச் சட்டையும் கோட்டுமாகத் தைத்து விற்றது. பச்சைத் தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும் என்று வாங்கியவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சலவைக்குப் போட்டதும் சாயம் ஓடியது, சண்டை மூண்டது. விளம்பர மேதை டேவிட் ஒகில்வி அந்தக் குறையையே சிறப்பாக்கி, "சாயம் போகும், உத்தரவாதம்" என்று விற்கச் செய்தார் என்பது இந்த வணிகத்தில் வழங்கும் கதை. மெட்ராஸ் சட்டை, அமெரிக்காவின் பணக்காரக் கல்லூரிகளில் பெருமைக்குரிய உடுப்பானது.

அந்தக் கட்டம் வேறெதுவும் இல்லை. நம் ஊர்க் கொத்தனார் இடுப்பில் இருக்கும் கைலியின் கட்டம்.

பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய துணிக்கு மலாய் மண்ணில் இன்றும் 'காயின் பெலிக்காட்' என்றே பெயர். அங்கே அதைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறார்கள், மரியாதைக் குறைவு என்று ஒருவரும் சொல்வதில்லை. நைஜீரியாவின் கலபாரி மக்கள் மெட்ராஸ் கட்டத் துணியில் சில நூல்களை மட்டும் நுணுக்கமாக அறுத்து உருவி, புதுக்கோலம் எழுப்பி, மூத்தோரின் இறுதிச் சடங்கில் வைக்கிறார்கள். ஹொனலுலுவில் எல்லரி சுன் என்ற வணிகர் 1930களில் 'அலோகா' சட்டை என்ற பெயரைப் பதிவு செய்தார். பூவும் தென்னையும் அச்சடித்த அந்தச் சட்டையோடுதான் ஹவாய்க்காரர்கள் இன்று அலுவலகம் போகிறார்கள். அவரவர் மண்ணின் துணி அவரவருக்குக் கௌரவம். நமக்கு மட்டும் ஏன் இல்லை?

திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலையில் நின்று பாருங்கள். கிரிவலப் பாதையில் ஒரு வெளிநாட்டவர் கட்டம் போட்ட லுங்கியும் ஓம் அச்சடித்த சட்டையுமாக நடந்தால், "எவ்வளவு எளிமை!" என்று நெகிழ்கிறோம். பின்னாலேயே சிமென்டுக் கறை படிந்த அதே லுங்கியில் உள்ளூர்க்காரர் வந்தால், "ஏம்ப்பா, கோயிலுக்கு வர்ற லட்சணமா இது?" என்று கேட்க ஆள் இருக்கிறது. கேட்பவர் கண்ணுக்குத் தெரிவது துணி இல்லை, கட்டியிருப்பவரின் கூலியும் சாதியும் மதமும்தான். இதை ஆசாரம் என்று அழைக்க என்னால் முடியாது. இது பச்சையான அவமதிப்பு.

2015 நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்கு உடைக் கட்டுப்பாடு விதித்தது. வேட்டி ஆகும், பைஜாமா ஆகும், பேன்ட்டும் சட்டையும் ஆகும். புத்தாண்டு அன்று சில கோயில் வாசல்களில் லுங்கிக்குத் தடை என்று பலகை எழுந்தது. இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை அந்த ஜனவரியிலேயே நிறுத்தி வைத்தது. ஆனாலும் கேள்வி தீரவில்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்த பேன்ட் சாமிக்கு ஆகும், சென்னைப் பட்டினத்தின் பெயரையே உலகெங்கும் சுமந்துபோன துணி ஆகாதென்றால், அதற்கு எந்த ஆகமத்தில் ஆதாரம்? பேன்ட்டை எந்த ஆகமம் அறியும்?

பெரியார் கைலி கட்டிக்கொண்டுதான் ஊர் ஊராகப் போனார், மேடை ஏறினார். அந்தக் கைலியோடு அவரைப் பார்க்கப் பதவியில் இருந்தவர்கள் வந்தார்கள். கைலியால் அவர் பேச்சின் கனம் எள்ளளவும் குறையவில்லை.

2014இல் வேட்டி கட்டிய உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க மன்றம் உள்ளே விடவில்லை. நாடே கொதித்தது. ஒரே மாதத்தில் சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டிக்கும் பிற இந்திய மரபு உடைகளுக்கும் தடை போட்டால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், உரிமமும் ரத்து. நல்ல சட்டம், வரவேற்கிறேன். ஆனால் அது நீதிபதிக்கு நேர்ந்த பிறகு வந்தது. தாலுகா அலுவலகத்திலும் வங்கியிலும் "லுங்கியோடவா வந்தே?" என்று காலங்காலமாக ஏச்சு வாங்கியவர்களுக்காக ஒரு நாளும் சட்டசபை கொதித்ததில்லை. மரபு உடை என்ற அந்தச் சொல்லில் கைலியும் அடக்கம் என்று அரசு ஓர் ஆணை போடட்டும். குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் அதை நெய்த கைகளுக்கு, அமெரிக்கக் கடைக்காரர் தந்த மதிப்பில் பாதியையாவது நாம் தர வேண்டாமா?