லாபத்தில் முடியும் படி

படிக்கட்டு வரையத் தொடங்கியதும் மென்பொருள் படிக்குப் படி எவ்வளவு இடைவெளி என்று கேட்கிறது. 150 என்று தட்டிவிடத்தான் கை போகும். மாடி உயரம் 3,200 மி.மீ. என்றால், 150 வீதம் 21 படி ஏறி 3,150-இல் நின்றுவிடும். மிச்சம் 50 மி.மீ. கடைசிப் படியின் தலையில் விழும். அதனால் நான் இடைவெளியைக் கொடுப்பதில்லை. உயரத்தையும் எண்ணிக்கையையும் கொடுத்து, வகுக்கும் வேலையை அதனிடம் விட்டுவிடுகிறேன். 22 படி, ஒவ்வொன்றும் 145.45.

*

தாங்குதிறன் கணக்குக்கு அந்த மிச்சம் ஒரு பொருட்டே இல்லை. சுமப்பது அடியிலுள்ள சாய்வுத் தளம். மேலே உட்காரும் முக்கோணப் படிகள் அதற்கு வெறும் எடை: 150 ஏற்றத்துக்குச் சராசரியாக 75 மி.மீ. கான்கிரீட், சதுர மீட்டருக்கு 1.875 கிலோநியூட்டன். ஒரு படி மட்டும் 50 மி.மீ.யாகக் குட்டையாகிவிட்டால் கம்பியின் அளவு மாறாது, திரையில் சிவப்பும் எரியாது. கால் ஒன்றுதான் அதைக் கண்டுபிடிக்கும்.

இரண்டு படி ஏறியதுமே கால் அந்த உயரத்தைப் பழகிக்கொள்கிறது. பிறகு கண் கீழே பார்ப்பதில்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் பெருமாள் இருக்கும் அத்திகிரிக்கு 24 படி. காயத்ரி மந்திரத்தின் எழுத்துக்கள் என்பார்கள். இடுப்பில் குழந்தையும் கையில் துளசியுமாக ஏறுகிறவர்களுக்கு நினைப்பெல்லாம் மேலே இருக்கும் பெருமாளிடம். படியை நம்பித்தான் அப்படி ஏற முடிகிறது. அந்த நம்பிக்கைக்கு வரைபடம் போடுகிறவன் பொறுப்பு.

*

மேல்பூச்சை மறந்துவிட்டு வகுப்பதில் அர்த்தமில்லை. தரையில் டைல்ஸும் கலவையுமாக 75 மி.மீ. ஏறும், படியில் கிரானைட்டோடு 40 மி.மீ.தான். 150 வீதம் சமமாக வார்த்தால், வேலை முடிந்தபின் முதல் படி 115, கடைசிப் படி 185. ஆகவே வார்க்கும்போது முதல் படியை 185 ஆகவும் கடைசியை 115 ஆகவும் வைக்க வேண்டும். பலகை அடிக்கிறவருக்கு இது தப்பாகவே படும். "சார், முதல் படி ஒசந்து நிக்குதே" என்பார். அவர் கேட்பது நல்லது; கேட்கிறவரிடம்தான் சொல்லிப் புரியவைக்க முடியும்.

*

ஏனாத்தூரில் ஒரு நெசவாளர் வீடு. தளத்துக்குத் தளம் 10 அடி, அதாவது 3,048 மி.மீ. மேஸ்திரி லாபம், நஷ்டம், லாபம் என்று விரல் விட்டு எண்ணினார். ஒற்றைப்படையில் முடிந்தால் லாபம். "17 போட்டுடுங்க சார், 17 லாபந்தான்." படிக்கு 179 மி.மீ. வருகிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்கு 190 வரை அனுமதிக்கிறது, விதியில் பிசகில்லை.

வீட்டம்மா கதவோரம் நின்றபடி சொன்னார்: "அவருக்கு முட்டி மடங்க மாட்டேங்குதுங்க." நாள் முழுக்கக் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதி அழுத்தி வந்தவர். மேல்மாடியில்தான் படுக்கை.

பிரான்சுவா ப்ளாண்டெல் 17-ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட கட்டடக்கலை நூலில் இரு ஏற்றமும், படியில் கால் வைக்கும் அகலமான ஒரு மிதியும் சேர்ந்து மனிதனின் ஒரு நடை என்று கணக்கு வைத்தார். இன்று 600 முதல் 640 மி.மீ. வரை ஏற்கிறார்கள். 17 படிக்கு 250 மிதி வைத்தால் 608, கணக்கு சரிதான். ஆனால் வலிக்கிற முட்டிக்கு ஒவ்வொரு தடவையும் தூக்க வேண்டியது அந்த 179.

எண்ணிக்கையை 19 ஆக்கினேன். ஏற்றம் 160.4 ஆகக் குறைந்தது. மிதி 280, கூட்டினால் கிட்டத்தட்ட 601. 19-உம் ஒற்றைப்படை என்பதால் மேஸ்திரிக்கும் மறுப்பில்லை. நடுவில் ஒரு திரும்பு மேடை, கீழே 10 ஏற்றம், மேலே 9. நீளம்தான் இடித்தது. முன்பு 8 மிதிக்கு 2 மீட்டர். இப்போது 9 மிதிக்கு 2.52. கூடுதல் 52 செ.மீ. பின்கட்டிலிருந்துதான் வர வேண்டும். துவைக்கிற கல்லை மதிலோரம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டம்மாவே இடம் காட்டினார்.