வரமாட்டேன் என்று சொன்ன அக்கா

(சித்திரைச் சதயம், திருநாவுக்கரசு நாயனார் குருபூசை நாளில் யாழ்ப்பாணத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று அப்பர் சுவாமிகளின் குருபூசை. ஆனாலும் நான் அவருடைய அக்காவைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசப்போகிறேன். ஓ.எல். வகுப்புப் பிள்ளைகள் பலர் முன்னுக்கு இருக்கிறீர்கள். உங்களில் எத்தனையோ பேருக்கு வீட்டில் ஒரு குழப்படித் தம்பியோ தங்கச்சியோ இருக்கும். கொப்பியைக் கிழிக்கும். நீங்கள் ரியூசனுக்கு வெளிக்கிடும் நேரம் பார்த்துச் சைக்கிளைக் கொண்டு ஓடிவிடும். பிடித்து இரண்டு ஏச்சு ஏசினால், "அக்கா அடிச்சுப்போட்டா" என்று அம்மாவிடம் போய் அழும். நியாயம் கேட்டால் குசினிக்குள் இருந்து ஒரே பதில்தான் வரும்: "நீதானே மூத்தது, விட்டுக்குடு."

விட்டுக்கொடுப்பது நல்லதுதான். ஆனால் எதை விட்டுக்கொடுப்பது, எதை விடாமல் நிற்பது என்று யாரும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. அதை அப்பரின் அக்கா திலகவதியாரிடம் கேட்கலாம்.

நல்லூரிலே 1822இல் பிறந்த நாவலர் பெருமான், செய்யுள் விளங்காதவர்களும் வாசிக்கட்டும் என்று பெரியபுராணத்தை வசனமாக்கி 1852இல் அச்சிட்டார். வீட்டில் அந்தப் புத்தகம் இருந்தால் திருநாவுக்கரசு நாயனார் புராணத்தை எடுத்துப் பாருங்கள். திருவாமூரிலே புகழனார், மாதினியார் தம்பதிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருணீக்கியார். பன்னிரண்டு வயதில் திலகவதியாருக்குக் கலிப்பகையார் என்ற படைத்தலைவரைப் பேசி முற்றாக்கினார்கள். அவர் போருக்குப் போன காலத்தில் தகப்பன் நோயில் இறந்தார், தாயும் கூடவே போனார். பிறகு, போர்க்களத்தில் கலிப்பகையாரும் இறந்தார் என்ற செய்தி வந்தது. நானும் போகிறேன் என்று துணிந்த அக்காவின் காலில் தம்பி விழுந்தான். நீங்களும் போவதென்றால் உங்களுக்கு முன்னம் நான் போவேன் என்று அழுதான். அவனுக்காக அவர் உயிரோடு இருந்தார்.

இந்த இடத்தைக் கடக்க எனக்கு எப்போதும் கஷ்டமாக இருக்கும். 2009இல் முடிந்த யுத்தம் இப்படி எத்தனை அக்காமாரை எங்களுக்குத் தந்துவிட்டுப் போனது! தாய் தகப்பன் இல்லாத வீட்டில், தான் படிக்கவேண்டிய வயதில் தம்பியைப் படிக்க வைத்தவர்கள். அவர்களிடம் போய்ப் பொறுமையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

சரி, அக்கா உயிரையே பிடித்துவைத்து வளர்த்த தம்பி என்ன செய்தார்? வளர்ந்ததும் அக்காவை விட்டுவிட்டுப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிக்குப் போனார். இன்றைக்குத் திருப்பாதிரிப்புலியூர் என்கிறோமே, அந்த ஊர். அங்கே தருமசேனர் என்ற பெயரோடு பெரிய தலைவரானார். அவர் சமணரானது குற்றம் என்று சொல்ல நான் வரவில்லை. அக்காவின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதுதான் என் கவலை.

திலகவதியார் திருவதிகைக்குப் போய் ஒரு மடத்தில் இருந்தார். வீரட்டானேசுவரர் கோயிலைக் கூட்டினார், சாணத்தால் மெழுகினார், மாலை கட்டினார். தம்பியைப் பற்றிய முறைப்பாட்டைச் சிவபெருமானிடம் வைத்தார். அவனை நீரே மீட்டுத் தாரும் என்று கேட்டார். தன் நாளைத் தம்பியின் கோலத்துக்குப் பலிகொடுத்து, மூலையில் இருந்து அழுதுகொண்டிருக்கவில்லை.

பிறகு தம்பிக்குச் சூலைநோய் வந்தது. மணி, மந்திரம் எதற்கும் அடங்காத வயிற்றுவலி. சமையற்காரனை அக்காவிடம் அனுப்பினார். வந்து சொன்னவனிடம் அக்கா சொன்ன பதிலை, பிள்ளைகளே, கவனமாகக் கேளுங்கள். நான் அங்கே வரமாட்டேன் என்றார்.

இரக்கம் இல்லாதவரா? அவனுக்காக உயிர் வாழ்ந்தவர்! ஆனாலும் தனக்கு ஒவ்வாத இடத்துக்குத் தம்பி கூப்பிட்டான் என்பதற்காகப் போகவில்லை. அவர் மறுத்ததால்தான் தம்பி எழுந்து நடக்கவேண்டி வந்தது. தம்பிக்கு அக்கா செய்த உதவிகளில் ஆகப் பெரியது இந்த மறுப்பு என்றே நான் நினைக்கிறேன்.

தம்பி இரவோடு இரவாக வந்து மடத்து வாசலில் விழுந்தார். இப்பதான் அக்காவின் நினைவு வந்ததோ என்று திலகவதியார் கேட்கவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். விடியப்புறம், வழமைபோலக் கோயில் கூட்டப் போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குச் சந்நிதியில் நின்று பாடிய பிறகுதான் மருணீக்கியார் நாவுக்கரசர் ஆனார்.

பெற்றோரே, மூத்த பெண்பிள்ளையின் தலையில் இளையவனின் குழப்படி முழுவதையும் ஏற்றாதீர்கள். அவளுக்கும் சோதனை இருக்கிறது, சிநேகிதிகள் இருக்கிறார்கள், தனியே இருந்து ஒரு புத்தகம் வாசிக்க ஆசை இருக்கிறது. "கொப்பியைத் தரமாட்டன்" என்று அவள் சொன்னால், ஏன் என்று ஒருமுறை கேளுங்கள். மூத்த பிள்ளைகளே, மறுக்கிற இடத்தில் மறுங்கள். அவன் திரும்பி வரும்போது பழைய கணக்கை எடுக்காதீர்கள்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. அறுபத்துமூவரில் திலகவதியார் பெயர் இல்லை. தம்பிக்குத்தான் குருபூசை எடுக்கிறோம். ஆனால் அந்தத் தம்பி, பிறகு ஊர் ஊராகக் கோயில்களுக்குப் போனபோது கையில் உழவாரப்படை வைத்திருந்தார். வீதியில் முளைத்த புல்லைத் தானே செதுக்கினார். அது அக்கா திருவதிகையில் நாள்தோறும் செய்துகொண்டிருந்த வேலை.