கடிக்கும் குதிரையை என்ன செய்வது?

இங்கிலாந்தில் டார்செஸ்டர் பிரபுவிடம் குரூசர் என்றொரு பந்தயக் குதிரை இருந்தது. கிட்டே போகிறவர்களைக் கடித்துக் குதறும். இரும்பு வாய்ப்பூட்டு மாட்டித் தனி லாயத்தில் அடைத்திருந்தார்கள். உயர்ந்த வம்சம் என்பதால்தான் சுடாமல் விட்டார்கள் போலும்!

1858-இல் அமெரிக்காவின் ஒஹையோவைச் சேர்ந்த குதிரைப் பயிற்சியாளர் ஜான் ராரி அதனிடம் போனார். சாட்டையை அவர் நம்பவில்லை. முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டினார். அது ஓயும்வரை காத்திருந்து தடவிக்கொடுத்தார். சில மணி நேரத்தில் பணிந்தது. (இன்றைய பயிற்சியாளர்கள் பலர் இந்தக் கால்கட்டை ஏற்கமாட்டார்கள்.) பின்னர் அதை ஒஹையோவுக்கே கொண்டுபோனார். 1866-இல் ராரி இறந்த பிறகும் குரூசர் சில ஆண்டுகள் வாழ்ந்தது.

எல்லா ஊரிலும் ராரி கிடைக்கமாட்டார். முரட்டுக் குதிரைக்கு முதலில் கூப்பிட வேண்டியது கால்நடை மருத்துவரை. கூரான கடைவாய்ப்பல், முதுகை அழுத்தும் சேணம், வயிற்றுப்புண், குளம்பு நோய்... நாம் திமிர் என்பது பல நேரம் வலிதான். வலி இல்லையென்றால் தேர்ந்த பயிற்சியாளர். அவரும் கைவிரித்தால், சவாரியை நிறுத்தி மேயவிடலாம்; அதற்கு இடமும் ஆளும் பணமும் வேண்டும். எதுவுமே முடியாதபோது, மருத்துவர் கையால் வலியில்லாத சாவு கொடுப்பதைப் பாவம் என்று சொல்லமாட்டேன். குணத்தை மறைத்து, பிள்ளைக்குக் குதிரை தேடும் வீட்டில் தள்ளிவிடுவதைச் சொல்வேன். விற்றே ஆகவேண்டுமா? அது யாரை, எப்போது கடித்தது என்பதை எழுதிக்கொடுத்துவிட்டு விலை பேசுங்கள்.