தோல்வியைச் சொல்லும் எண்

வடக்கு வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியில் ஆமன் நெல் நடவு முடிந்ததிலிருந்து அறுவடை வரை, ஏறக்குறைய செப்டம்பர் முதல் நவம்பர் வரை, வயலில் வேலை கிடையாது. நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு நாளை ஓட்டும் அந்தப் பருவத்தை அங்கே ‘மொங்கா’ என்கிறார்கள். 2008இல் முஷ்பிக் முபாரக் உள்ளிட்ட பொருளியலாளர்கள் அங்கே ஒரு சோதனை செய்தார்கள். வெளியூர் போய் வேலை தேடப் பேருந்துச் செலவுக்கென்று 600 டாக்கா பணத்தைச் சில குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் போயிருக்க மாட்டார்கள் என்று கணிக்கத்தக்க நூற்றுக்கு 22 குடும்பங்களிலிருந்து தலா ஒருவர் கிளம்பினார். வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு கூடியது. அடுத்த ஆண்டுகளில் பணம் தராதபோதும் பலர் மறுபடி போனார்கள்.

இதைவிட நல்ல செய்தி தொண்டு நிறுவனங்களுக்கு வாய்ப்பது அரிது. அமெரிக்காவின் எவிடென்ஸ் ஆக்‌ஷன் நிறுவனம் இதையே ‘நோ லீன் சீசன்’ என்ற பெயரில் கடன் திட்டமாக விரித்தது. நன்கொடையாளர்களுக்கு ஆலோசனை சொல்லும் கிவ்வெல் அமைப்பு 2017 இறுதியில் இதைத் தன் முதல்வரிசைப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு, விரிந்த அளவில் நடந்த திட்டத்தை மறுபடி அளந்து பார்த்தார்கள். வெளியூர் போவோர் எண்ணிக்கையிலும் வருமானத்திலும் மாற்றம் எதுவும் தென்படவில்லை. நிறுவனம் அதை மறைக்கவில்லை. இந்தத் திட்டத்துக்குப் புதிதாகப் பணம் திரட்டுவதை நிறுத்திக்கொண்டது. களத்தில் வேறு நடைமுறைச் சிக்கல்களும் சேர, 2019இல் திட்டத்தையே மூடியது. காரணத்தையும் வெளிப்படையாக எழுதியது.

இப்படி மூடியது சரியா? சட்டென்று ‘ஆம்’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் எதிர்வாதம் லேசானதல்ல. 2017 ஆகஸ்டில் அந்தப் பகுதியில் பெருவெள்ளம். ஒரு கெட்ட ஆண்டின் எண்ணை வைத்து ஒரு திட்டத்தைக் கைவிடலாமா? சராசரியில் பலன் இல்லை என்றால், பலன் பெற்ற ஒரு வீடுகூட இல்லை என்று ஆகிவிடாது. மூடிவிட்டால் அடுத்த மொங்காவில் அந்த வீட்டுக்கு யார் பதில் சொல்வது? இன்னொரு கசப்பும் உண்டு. அளந்து பார்த்துத் தோல்வியை ஒப்புக்கொண்டவர் நிதியை இழக்கிறார். எதையும் அளக்காமல், சிரிக்கும் குழந்தைகளின் படத்தோடு ஆண்டறிக்கை போடுகிறவருக்குத் தோல்வி என்பதே வருவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் மூடியது நியாயமே என்று தோன்றுகிறது. நன்கொடைப் பணம் நிறுவனத் தலைவருடையதல்ல. அதே பணம் ஆப்பிரிக்கக் கிராமங்களில் குடிநீருக்குக் குளோரின் தரும் திட்டத்துக்கும் போகலாம். அந்த வேலையையும் இதே நிறுவனம் செய்கிறது. பலன் தெரியாத இடத்தில் பணத்தைப் பிடித்துவைத்திருப்பதற்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். அவர் ரங்பூரில் இல்லை, நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அந்த விலை குறைந்துவிடாது.

ஏன் தோற்றது என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சொன்ன ஒரு காரணம்தான் நிறுவனத் தலைவர்களைத் தூங்கவிடாமல் செய்ய வேண்டியது. கடன் கொடுத்த களப்பணியாளர்கள், எப்படியும் வெளியூர் போகவிருந்தவர்களையே பெரும்பாலும் தேடிப்பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களை மோசடிக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. எத்தனை பேருக்குக் கடன் போனது, எத்தனை பேர் கிளம்பினார்கள் என்று மேலே கேட்கும்போது, தயங்குகிற ஏழையின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மாலையைச் செலவிடுவது வேலைக்கு நஷ்டம். பெட்டியோடு தயாராக நிற்பவரிடம் பணத்தைக் கொடுத்தால் கணக்கு நிறைந்துவிடும். திட்டத்தின் மாத அறிக்கை அழகாக இருக்கும். யாருக்காகத் திட்டம் தொடங்கியதோ அவர் வீட்டிலேயே இருப்பார்.

ஆகவே தலைவர் தரவைப் பார்க்கிறாரா என்பதோடு கேள்வி முடிவதில்லை. இன்று பார்க்காதவர் யார்? திரையில் பச்சை, சிவப்பு விளக்குகளோடு வரைபடம் இல்லாத நிறுவனமே அரிது. தமக்கு வசதியில்லாத எண்ணை வரவழைக்கும் ஏற்பாட்டைத் தாமே செய்துவைக்கிறாரா, அது வந்தபின் களப்பணியாளரைத் திட்டுவதற்கு முன் தாம் வைத்த இலக்கைச் சந்தேகிக்கிறாரா என்று கேட்க வேண்டும். கீழே இருப்பவரைக் கண்காணிக்க மட்டும் பயன்படும் எண் சீக்கிரமே பொய் பேசக் கற்றுக்கொள்ளும். வசதியில்லாத எண்ணைக் கொண்டுவந்தவரின் வேலை போகாது என்ற உறுதி இல்லாத இடத்தில் எந்தக் கணிப்பொறியும் உண்மையைத் தராது.

நோ லீன் சீசன் விஷயத்தில் பாராட்டு எல்லாம் வெளிப்படைத்தன்மைக்குத்தான் போனது. அது தகும். ஆனால் அந்த வெளிப்படைத்தன்மை நன்கொடையாளரை நோக்கியது, ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. இத்தகைய மதிப்பீடுகளில், கணக்கெடுக்க வருகிறவரிடம் ஒரு குடும்பம் எத்தனை வேளை சாப்பிட்டது, யாரிடம் எவ்வளவு கடன் என்று மணிக்கணக்கில் சொல்கிறது. சோதனையில் ஒப்பீட்டுக்காக மட்டும் வைக்கப்பட்ட குடும்பம், பணம் வாங்காமலே இதையெல்லாம் சொல்கிறது. முடிவு என்ன என்று கேட்க அவர்களுக்கும் உரிமை உண்டு. நிதி தந்தவருக்குப் போகும் கடிதத்தின் சாரத்தை, தகவல் தந்தவரின் ஊர்க்கூட்டத்தில் அவர்கள் மொழியில் சொல்ல ஆகும் செலவு, மதிப்பீட்டுச் செலவோடு ஒப்பிட்டால் அற்பம். மதிப்பீட்டுக்கான நிதி கேட்கும்போதே அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக் கேட்பதில் தலைவர்களுக்கு என்ன தடை?