ஒரே கணக்கில் சேர்ந்த மைல் யாருக்குச் சொந்தம்?

விமான நிறுவனம் பயணியின் கணக்கில் வரவு வைக்கும் மைல் என்பது, பின்னொரு நாள் ஓர் இருக்கை தருவதாக அது கொடுக்கும் வாக்கு. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ஆட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது அந்த வாக்கு பெரும்பாலும் ஒரே நிறுவனத்தோடு நின்றது. 1997-இல் ஸ்டார் அலையன்ஸ், 1999-இல் ஒன்வேர்ல்ட், 2000-இல் ஸ்கைடீம் என்று கூட்டணிகள் உருவான பிறகு, ஒரு நிறுவனத்தில் பறந்து இன்னொரு நிறுவனத்தின் கணக்கில் மைலைச் சேர்க்க முடிந்தது. ஆனால் ஒரு கணக்கில் விழுந்துவிட்ட மைலை அதே கூட்டணியின் வேறொரு கணக்குக்கு நகர்த்தப் பெரும்பாலும் வழியில்லை. ஏவியோஸ் என்னும் பாயின்ட் இதற்கு விலக்கு. பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, கத்தார் ஏர்வேஸ், ஃபின்ஏர் ஆகியவற்றுக்கிடையே அது ஒன்றுக்கு ஒன்றாகவே மாறும். மற்றபடி கிரெடிட் கார்டு, ஓட்டல் பாயின்ட்கள் வழியாகச் சுற்றித்தான் ஒன்றுசேர்க்க வேண்டும். அந்தச் சுற்றில் தேய்மானம் உண்டு. மேரியட் ஓட்டல் திட்டத்தின் 60,000 பாயின்ட்களைக் கொடுத்தால் பல விமானத் திட்டங்களில் 20,000 மைலும், ஊக்கமாக இன்னும் 5,000 மைலும் கிடைக்கும்.

கணக்கு வழி இவ்வளவுதான். அறக்கேள்வி இதற்குப் பிறகு வருகிறது. அலுவலகம் அனுப்பிய பயணத்தில் வந்த மைல், சொந்தக் காசில் போய்வந்த யாத்திரையின் மைல், வீட்டுச் செலவுக்குக் கார்டு தேய்த்ததில் வந்த பாயின்ட், கம்பெனிச் செலவில் தங்கிய ஓட்டலின் பாயின்ட் எல்லாம் ஒரே எண்ணாகக் கூடி, அதிலிருந்து குடும்பத்தோடு ஊர் போக டிக்கெட் எடுக்கப்படுகிறது. அந்த டிக்கெட்டில் யாருடைய பங்கு எவ்வளவு? உரிமை கோரக்கூடியவர்கள் மூவர்: காசு கொடுத்தவர், இருக்கையில் உட்கார்ந்தவர், மைலை எழுதிக் கொடுத்த நிறுவனம்.

மூன்றாமவரின் கோரிக்கை வலுவானது. மைல் உறுப்பினரின் சொத்து அல்ல என்று பல திட்டங்களின் நிபந்தனைகளிலேயே எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் ரப்பி பின்யோமின் கின்ஸ்பெர்கின் உறுப்பினர் தகுதியை நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 2008-இல் நீக்கியது. நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளும் கடமையை நிறுவனம் மீறிவிட்டது என்று அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-ஆம் ஆண்டின் விமானத் துறைக் கட்டுப்பாடு நீக்கச் சட்டத்தின் முன் அந்த வாதம் நிற்காது என்று 2014-இல் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். சட்டத்தைப் பொறுத்தவரை அந்த வாதம் அதோடு முடிந்தது. ஆனால் நிறுவனத்துக்கும் பயணிக்கும் இடையே உரிமை யாருக்கு என்பது வேறு. பயணிக்கும் அவருக்காகக் காசு கொடுத்தவருக்கும் இடையே யாருக்கு என்பது வேறு. இரண்டாவதை எந்த விமான நிறுவனத்தின் நிபந்தனையும் தீர்த்துவைக்காது.

அந்த இரண்டாவது கேள்வியை யூத மரபு விமானம் வருவதற்கு வெகு காலம் முன்பே அலசியிருக்கிறது. யூதச் சட்ட விவாத நூலான பாபிலோனியத் தல்மூதின் கெதுபோத் பகுதியில், 98-ஆம் ஏட்டில், ஒரு வழக்கு வருகிறது. ஒருவர் இன்னொருவரின் பணத்தை எடுத்துக்கொண்டு பொருள் வாங்கப் போகிறார். கடைக்காரர் விலைக்குரிய சரக்கோடு கொசுறாக ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கிறார். கொசுறு போய்வந்தவருக்கா, பணம் கொடுத்தனுப்பியவருக்கா? முழுதும் போய்வந்தவருக்கே என்கிறார் ரப்பி யெகூதா. ரப்பி யோசேயின் பெயரில் இரண்டு கருத்துகள் உண்டு: பாதிப் பாதி என்பது ஒன்று, முழுதும் பணத்துக்குரியவருக்கு என்பது மற்றது. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று கேட்டு, விலை நிர்ணயமான சரக்கென்றால் பாதிப் பாதி, பேரம் பேசி வாங்கும் சரக்கென்றால் முழுதும் பணத்துக்குரியவருக்கு என்று தல்மூத் பிரித்துக் காட்டுகிறது. பேரச் சரக்கில் கூடுதலாக வந்தது மலிவாகக் கிடைத்த சரக்கே. அதைப் பரிசு என்று தனியே பிரிக்க முடியாது. விலை நிர்ணயமான இடத்தில் மட்டும்தான் கொசுறு கொசுறாகவே நிற்கிறது.

அங்கே ஏன் பாதி? இதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. மைல் விஷயத்தில் இரண்டும் வெவ்வேறு பக்கம் இழுக்கும். பதினோராம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உரையாசிரியர் ராஷி, கடைக்காரர் யாரை மனத்தில் வைத்துக் கொடுத்தார் என்பது தெரியாததால் பங்கிடுகிறோம் என்கிறார். அவர் காலத்திலேயே வாழ்ந்த இசாக் அல்ஃபாசி, கொசுறு போய்வந்தவருக்கே கொடுக்கப்பட்டிருந்தாலும் அது பணம் கொடுத்தவரின் பணத்தால் விளைந்தது, ஆகவே அவருக்கும் பங்கு உண்டு என்கிறார். விமான நிறுவனமோ யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் சந்தேகமே வைப்பதில்லை. டிக்கெட்டில் பெயர் உள்ள பயணியின் கணக்கில்தான் மைல் ஏறும். ராஷியின் வழியில் பார்த்தால் முழுதும் பயணிக்கு. அல்ஃபாசியின் வழியில் பார்த்தால் அப்போதும் பாதி அலுவலகத்துக்கு.

அல்ஃபாசியின் வழியே இங்கு நேர்மைக்கு அருகில் நிற்கிறது. மைலின் நோக்கம் பயணியின் தேர்வைத் தன் பக்கம் திருப்புவது. அந்தத் தேர்வு அடுத்தவர் காசில் நடக்கும்போது, மைல் சேரும் விமானத்துக்காக விலை கூடிய டிக்கெட்டை எடுக்கும் சபலம் பிறக்கிறது. அந்தக் கூடுதல் விலை அலுவலகத்தின் தலையில், மைல் ஊழியரின் கணக்கில். அதோடு, எவ்வளவு கட்டணத்துக்கு எவ்வளவு மைல் என்பதை நிறுவனங்கள் முன்கூட்டியே அறிவிக்கின்றன. வங்கிகளுக்கு மைலை மொத்தமாக விற்கவும் செய்கின்றன. விலை போகும் பொருளை, முன்பே அறிவித்த விகிதத்தில் கொடுப்பதைக் கொசுறு என்று சொல்வது கடினம். அது டிக்கெட் விலைக்குள்ளேயே அடங்கிய சரக்கின் ஒரு பகுதி. அப்படியானால் தல்மூதின் இரண்டாவது விதிக்கே அது நெருங்கி வருகிறது. காசு கொடுத்தவரின் பக்கம் இன்னும் கனக்கிறது.

ஒன்றுசேர்ப்பது இந்தக் கணக்கைக் கலைத்துவிடுகிறதா? ரோமச் சட்டம் இதற்கு நேரான பதிலை வைத்திருக்கிறது. இருவரின் தானியம் அவர்கள் சம்மதத்தோடு கலந்தால் அது பொது. தற்செயலாகக் கலந்தால் அவரவர் மணி அவரவருக்கே என்று 533-இல் வெளியான ஜஸ்டினியனின் சட்டப் பாடநூல் சொல்கிறது. நாணயத்துக்கு வேறு விதி. இன்னொருவரின் நாணயம், உரியவர் அறியாமல் கடனுக்குக் கொடுக்கப்பட்டு, அடையாளம் தெரியாதபடி கலந்துவிட்டால் அது வாங்கியவருடையதாகிவிடும் என்று ரோமச் சட்ட அறிஞர் யவோலேனுஸ் பதிவு செய்கிறார். அதே வாக்கியத்தில், உரியவர் கொடுத்தவர் மேல் திருட்டு வழக்குத் தொடுக்கலாம் என்பதும் இருக்கிறது. கலப்பு பொருளின் மேலுள்ள உரிமையைத்தான் அழிக்கிறது. ஆளின் மேலுள்ள பொறுப்பு அப்படியே நிற்கிறது.

மைல் தானியமாகத் தொடங்கி நாணயமாக முடிகிறது. முதல் கணக்கின் அறிக்கையில் ஒவ்வொரு பயணமும் தேதியோடு தனி வரியாக நிற்கும். எது அலுவலகப் பயணம் என்று விரல் வைத்துக் காட்டலாம். ஓட்டல் பாயின்ட் 60,000 மறைந்து 25,000 மைலாக வேறொரு கணக்கில் ஏறும்போது அந்த வரிகள் கூட வருவதில்லை. எந்த இரவின் தங்கல் யார் செலவு என்பது ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடும். பிரிட்டிஷ் ஏர்வேஸின் குடும்பக் கணக்கு இதற்கு மாறானது. அதில் டிக்கெட் எடுத்தால் ஒவ்வொருவரும் சேர்த்த விகிதத்திலேயே அவரவர் பங்கு கழியும். கலந்த பிறகும் பங்கை மறக்காத ஏற்பாடு சாத்தியம்தான் என்பதற்கு அது சான்று.

காசு கொடுத்தவர் தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டால் சிக்கல் இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சி ஊழியர்களின் அலுவலகப் பயண மைல் முன்பு அரசுக்குரியதாக இருந்தது. 2001 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் அதை ஊழியர்களே வைத்துக்கொள்ள அனுமதித்தது. ஜெர்மனியில் நிலைமை வேறு. நாடாளுமன்ற உறுப்பினர்கள் அலுவல் பயணத்தில் சேர்த்த மைலை அலுவலுக்கே செலவிட வேண்டும் என்ற விதி இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது சேர்த்த அத்தகைய மைலைச் சொந்தப் பயணத்துக்குச் செலவிட்டது வெளியானபோது, கிரிகோர் கீசி 2002 ஜூலை இறுதியில் பெர்லின் மாநிலப் பொருளாதார அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். இரு நாடுகளிலும் மைல் ஒன்றுதான். உரியவர் சொன்ன சொல்தான் வேறு.

பெரும்பாலான அலுவலகங்களில் எந்தச் சொல்லும் சொல்லப்படுவதில்லை. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாமா என்பது, உரியவருக்கு விஷயம் தெரியுமா என்பதைப் பொறுத்தது. எல்லா ஊழியரும் மைலைத் தம் கணக்கில் சேர்க்கிறார்கள் என்று முதலாளி அறிந்தும் பேசாமல் இருந்தால் அது விட்டுக்கொடுத்ததற்குச் சமம். அவர் அறியாத இடத்தில் கேட்க வேண்டிய கடமை பயணியுடையது. கேட்க வேண்டிய நேரம் மைலை வேறு திட்டத்துக்கு மாற்றுவதற்கு முன்பு, அறிக்கையில் வரிகள் இன்னும் தனித்தனியாக நிற்கும்போது. மாற்றிய பிறகு கேட்டால், எவ்வளவு அவருடையது என்ற கேள்விக்கு இருவரிடமும் எண் இருக்காது.