சும்மா இருந்தவர்கள்

கண்ணெதிரே ஒருவர் சாகும்போது சும்மா இருப்பது கொலையா? லில்லியன் ஹெல்மனின் ‘தி லிட்டில் ஃபாக்சஸ்’ நாடகத்தைப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

1939இல் நியூயார்க்கில் மேடையேறிய நாடகம். கதை 1900இல், அமெரிக்கத் தெற்கின் ஒரு சின்ன ஊரில் நடக்கிறது. ஹப்பார்ட் குடும்பம், சிகாகோக்காரர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து பருத்தி மில் தொடங்கப் பார்க்கிறது. அப்பா சொத்தையெல்லாம் மகன்கள் பென், ஆஸ்கர் பேருக்கே எழுதிவிட்டார். மகள் ரெஜினாவுக்கு ஒன்றுமில்லை. அவள் பங்கு போட வேண்டுமென்றால் கணவர் ஹோரஸ் பணம் தரணும். இதய நோயாளியான அவர் முடியாது என்கிறார். ஆஸ்கரின் மகன் லியோ அவருடைய 88,000 டாலர் பத்திரங்களைத் திருடுகிறான். அதைக் கண்டுபிடித்த ஹோரஸ், ரெஜினாவுக்கு அந்தத் தொகை மட்டும்தான் என்று உயிலை மாற்றப்போவதாகச் சொல்கிறார். அப்போது அவருக்கு நெஞ்சு அடைக்கிறது. மருந்து பாட்டில் கைதவறி உடைகிறது. இன்னொன்று மாடியில் இருக்கிறது. ரெஜினா அசையவில்லை. அவரே படியேறப் போய் விழுகிறார், பிறகு இறக்கிறார்.

அவள் விஷம் வைக்கவில்லை, தள்ளிவிடவுமில்லை. சட்டத்துக்கு என்ன சாட்சி?

அந்த வீட்டில் இன்னொருத்தி இருக்கிறாள், ஆஸ்கரின் மனைவி பேர்டி. காதல் என்று நம்பித்தான் வந்தாள். அவர்களுக்கு வேண்டியிருந்தது அவள் குடும்பத்தின் பருத்தி நிலம். இப்போது யாருக்கும் தெரியாமல் குடிக்கிறாள். ரெஜினாவின் மகள் அலெக்சாண்ட்ராவையும் அதே மாதிரி லியோவுக்குக் கட்டிவைத்து, சொத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளத் திட்டம்.

நான் கோட் எழுதிப் பிழைக்கிறவன். எதுவும் செய்யாதே என்று எழுதினால் அதுவும் ஒரு கட்டளைதான். ஆனால் எல்லா ‘சும்மா’வும் ஒன்றா? பேர்டி சும்மா இருந்தது பயத்தால், அதில் அவளுக்கு நஷ்டம்தான். ரெஜினா சும்மா இருந்ததில் அவளுக்கு லாபம். அப்பா அவளுக்குச் செய்தது அநியாயம், சந்தேகமே இல்லை. அந்த அநியாயத்துக்கான கணக்கை அவள் ஹோரஸின் உயிரில் தீர்த்துக்கொண்டாள்.

கடைசியில் அலெக்சாண்ட்ரா வீட்டைவிட்டுப் போகிறேன் என்கிறாள். 1941இல் வந்த படத்தில் அவளுக்கு ஒரு காதலனைச் சேர்த்தார்கள். நாடகத்தில் அப்படி யாரும் இல்லை. கைபிடித்துக் கூட்டிப்போக ஆளில்லாமலே கிளம்புகிறாள். எனக்கு அவளைத்தான் பிடிக்கிறது.

ஆனால் நான் அவள் இல்லை. அக்கா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். “உனக்குச் சம்மதமாக்கா?”ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தப் பங்கு என் பேருக்குத்தான் வந்தது.