அச்சம் யாருடையது

எங்கள் வீடு மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை நூலகம். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். 90களின் தொடக்கத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அக்காவும் நானும் அங்கே போவோம். அக்கா என்றால் பெரியம்மா மகள். பெரியப்பா இறந்த பிறகு எங்களோடுதான் வளர்ந்தாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். எடுத்துவந்த நாவலுக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுவிடுவாள், அப்பா கண்ணுக்குப் பாடப்புத்தகமாகத் தெரியட்டும் என்று. இரவு விளக்கணைத்த பிறகு, அவள் படித்த இடம் வரைக்கும் எனக்குக் கதை சொல்வாள்.

மூன்று வகையாக எடுப்போம். ரமணிசந்திரனின் குடும்பக் காதல் நாவல்கள் ஒன்று. நூற்றைம்பதுக்கும் மேல் எழுதியவர், அவருடைய புத்தகத்துக்கு எப்போதும் காத்திருப்புப் பட்டியல் இருக்கும். ராஜேஷ்குமாரின் குற்ற நாவல்கள் இரண்டாவது. மூன்றாவது இந்திரா சௌந்தர்ராஜன்: சித்தர், பூர்வ ஜென்மம், கோயில் ரகசியம், பூட்டிய அறை. 90களின் பிற்பாதியில் அவருடைய ‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடராக வந்தபோது எங்கள் சந்தே அடங்கிக் கிடக்கும். நாங்கள் அதிகம் தேடியது இந்த மூன்றும் கலந்த நாவல்களை. பெரிய பங்களா, அதிகம் பேசாத ஒரு ஆண், அவனை மணந்துகொண்டோ வேலைக்கென்றோ அங்கே வரும் பெண். அவன் ஏன் இரவில் எழுந்து போகிறான்? முதல் மனைவி எப்படி இறந்தாள்? அவன் கண்ணில் இருப்பது ஆசையா, வேறு எதுவுமா?

இது நம் ஊர்ச் சரக்கு மட்டும் இல்லை. 1847இல் வந்த ‘ஜேன் அய்ர்’, 1938இல் வந்த ‘ரெபேக்கா’ என்று இதற்கு நீண்ட பரம்பரை உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஜோனா ரஸ் 1973இல் இந்த வகை நாவல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். யாரோ என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், அது என் கணவனாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன் என்பதே அதன் தலைப்பு. முனைவர் பட்ட ஆய்வின்போது அந்தத் தலைப்பைப் பார்த்துச் சிரித்தேன். உடனே சிரிப்பு நின்றுபோனது. காரணத்தைச் சொல்ல வேண்டும்.

1997இல் அக்காவுக்கு தி. நகரில் கல்யாணமாயிற்று. இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் தனியாக வந்தாள். கையில் பை இல்லை, காலில் வீட்டுச் செருப்பு. அம்மா காப்பி போட உள்ளே போனதும் என்னிடம் சொன்னாள்: “அவரைப் பாத்தா எனக்குப் பயமா இருக்குடி.” அடித்தாரா என்று கேட்டேன். இல்லை என்றாள். பின்னே என்ன என்றேன். “தெரியல. கதவைத் தாழ்ப்பாள் போடுறப்ப பயமா இருக்கு.”

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அவள் சொல்லித்தந்த கதைகளிலேயே ஊறியவள். ரொம்பவும் புரிந்தவள்போலச் சொன்னேன்: “சிலருக்கு அன்பைக் காட்டத் தெரியாதுக்கா. உள்ளுக்குள்ள நல்லவராத்தான் இருப்பாரு. போகப் போகப் புரியும்.” அம்மா காப்பியோடு வந்து அதையே வேறு சொல்லில் சொன்னாள். சாயங்காலம் அப்பா ஆட்டோவில் கொண்டுபோய் விட்டுவந்தார்.

அவள் அந்த வீட்டிலிருந்து வெளியே வரப் பதினொரு ஆண்டுகள் ஆயின. இடது காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது.

நான் அன்று சொன்ன வாக்கியத்தை எங்கிருந்து எடுத்தேன் என்பதுதான் பல ஆண்டுகளாக என் கேள்வி. நாவலிலிருந்து என்று சொல்லிவிட்டால் சுலபம். கவிதை எழுதுகிறவளுக்கும் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவளுக்கும் வாடகை நூலகத்து நாவலைத் திட்டுவதைப்போலச் சௌகரியமான காரியம் வேறில்லை. ஆனால் அம்மா நாவலே படித்ததில்லை. அவளும் அதையேதான் சொன்னாள்.

பெண்கள் நாவல் படிப்பதைப் பற்றிய கவலை நூறாண்டுப் பழையது. ஆ. இரா. வேங்கடாசலபதி தம் ‘நாவலும் வாசிப்பும்’ நூலில் அந்தக் காலத்துக் கண்டனங்களை விரிவாகப் பேசுகிறார். அதே காலத்தில்தான் திருவல்லிக்கேணியில் வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தினார். குழந்தையிலேயே மணம் முடிக்கப்பட்டவர், எழுதப் பழகாத காலத்தில் தம் கதையைத் தோழியிடம் சொல்லி எழுதவைத்தவர், 115 நாவல்கள் எழுதினார். அவற்றில் துப்பறியும் கதைகளும் உண்டு. அன்றைய ஆண்களின் பயம், நாவல் படித்தால் பெண் காதலிக்கத் தொடங்கிவிடுவாள் என்பது. இன்று நம்மைப் போன்றவர்களின் பயம், காதல் நாவல் படித்தால் பெண் அடிமையாகிவிடுவாள் என்பது. இரண்டு பேருக்கும் வாசகி, கையில் கொடுத்ததை விழுங்கும் குழந்தை.

ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் அந்தக் குழந்தையிடமே போய்க் கேட்டார். அமெரிக்காவின் ஒரு நகரத்தில் காதல் நாவல் படிக்கும் பெண்களிடம் பேசி 1984இல் ஒரு நூல் எழுதினார். கணவன், பிள்ளைகள், சமையல் எல்லாம் சூழ்ந்த நாளில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வது, இந்த நேரம் என்னுடையது என்று அறிவிப்பதற்குச் சமம் என்பது அவர்களுடைய பேச்சிலிருந்து தெரியவந்தது. காலண்டர் அட்டை போட்ட என் அக்காவுக்கும் அது தெரியும். ராட்வே இன்னொன்றையும் கண்டார். முன்பாதியில் நாயகன் காட்டிய கடுமைக்கெல்லாம் பின்பாதியில் புதிய பொருள் தரப்படுகிறது: அது வெறுப்பில்லை, காதலின் காயம். முதல் அத்தியாயத்து அவமானத்தை கடைசி அத்தியாயத்தில் அன்பாகத் திருப்பி வாசிக்கக் கதை சொல்லித்தருகிறது.

இந்த இடத்தில் என் பாடத்துக்கு வருகிறேன். தொல்காப்பியம் களவியலில் அச்சம், நாணம், மடம் மூன்றையும் பெண்ணுக்கு உரியவையாகச் சொல்கிறது. பிற்காலத்தார் பயிர்ப்பையும் சேர்த்து நான்காக்கினார்கள். ஆண்டுதோறும் இதை நடத்தும்போது மாணவிகள் முகம் சுளிப்பார்கள். அச்சத்தை விட்டொழிக்க வேண்டும் என்று நானும் பேசியிருக்கிறேன். இப்போது அப்படிப் பேசுவதில்லை. பெண்ணுக்கு அச்சம் வேண்டும் என்று சொன்ன மரபு, எதற்கு அஞ்ச வேண்டும் என்பதையும் சேர்த்தே தீர்மானித்தது. இருட்டுக்கு அஞ்சலாம், தெருவுக்கு அஞ்சலாம், ஊர்ப்பேச்சுக்குக் கட்டாயம் அஞ்ச வேண்டும். கட்டியவனுக்கு அஞ்சினால் அதற்குப் பெயர் மரியாதை. அச்சம் அவளுக்கு அணியாக இருக்கலாம், அறிவாக இருக்கக் கூடாது. ‘இந்த வீட்டுக்குள் எனக்கு ஆபத்து இருக்கிறது’ என்று அவளுடைய உடம்பு சொன்னால், அந்த ஒரு தகவலை மட்டும் யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21), தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, மணவாழ்க்கை கண்ட பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்கிறது. இந்த ஊரில், வீட்டுக்குள் இருக்கும் ஆணைப் பார்த்துப் பயமாக இருக்கிறது என்று ஒரு பெண் முதல் பக்கத்திலேயே சொல்வதற்கு இடம் தந்தது எது? சங்க அகப்பாட்டில் தலைவி அஞ்சுவது பெரும்பாலும் அவன் வரும் வழியை. யானையை, ஆற்றை, பாம்பை. அவன் வராமல் போய்விடுவானோ என்றும் அஞ்சுகிறாள். அவன் கையை அஞ்சியதாகப் பாடக் களவில் இடமில்லை. நம் நவீனக் கவிதை அதை எழுத நெடுங்காலம் ஆயிற்று. மர்மக் காதல் நாவலோ அதை மட்டுமே எழுதியது; இருநூறு பக்கமும் அவளுடைய சந்தேகத்தோடுதான் நகர்ந்தது.

அந்த நாவல் தவறுகிற இடம் முடிவு. அவன் நல்லவன், கொலைகாரன் வேறு யாரோ. அவள்தான் அவனைத் தவறாக நினைத்துவிட்டாள், மன்னிப்புக் கேட்கிறாள். இருநூறு பக்கம் அவளுடைய அச்சத்தை நம்பச் சொன்ன கதை, கடைசிப் பத்துப் பக்கத்தில் அதைப் பிடுங்கிக்கொள்கிறது. அமானுஷ்யக் காதல் கதையில் இது இன்னும் நுணுக்கமாக நடக்கிறது. 2005இல் வந்த ‘ட்வைலைட்’ நாவலை அடையாறில் என் மாணவியர் பலர் கையில் பார்த்திருக்கிறேன். அதில் அவள் தூங்கும்போது அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறான் ரத்தக்காட்டேரிக் காதலன். நம் நாட்டில் 2013ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பெண்ணை ஒளிந்து பார்ப்பதையும் பின்தொடர்வதையும் தனித்தனிக் குற்றங்களாக்கியது. காட்டேரி என்றால் மட்டும் அது சுபாவம். ‘அவர் சுபாவம் அப்படி’ என்பதை எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம்! அதற்குக் கோரைப்பல் எதுவும் தேவைப்பட்டதில்லை.

நம்முடைய பழைய பேய்க்கதை வேறு மாதிரி. திருவாலங்காட்டுப் பக்கம் வழங்கும் பழையனூர் நீலியின் கதையைப் பலரும் அறிவார்கள். முற்பிறப்பில் கணவனால் கொல்லப்பட்ட பெண், பேயாகி, மறுபிறப்பில் வணிகனாக வந்த அவனைத் தொடர்கிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் என் கணவர் என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். அவன் நடுங்குகிறான்: இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள். வேளாளர் 70 பேர் சபை கூடி, புருஷன் பெண்டாட்டி சண்டை என்று முடிவுசெய்து, உனக்கு ஒன்று ஆனால் எங்கள் உயிர் பிணை என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைக்கிறார்கள். விடியும்போது அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக 70 பேரும் தீப்பாய்ந்தார்கள்.

இந்தக் கதையை நான் பல முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், பெண்ணின் பழி என்ற தலைப்பில். அக்கா திரும்பி வந்த பிறகுதான் அந்தச் சபை கண்ணில் பட்டது. துணையைப் பார்த்துப் பயமாக இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். பெரியவர்கள் கூடி, போய் அனுசரித்து இரு என்று கதவைச் சாத்துகிறார்கள். பயந்தவர் சொன்னது உண்மையாகிறது. பயந்தவர் ஆணாக இருந்ததால், நம்பாமல் போன குற்றத்துக்கு 70 உயிர் ஈடானது. அந்த வாய்மை இன்றுவரை புகழப்படுகிறது. அந்த ஆணால் முன்பு கொல்லப்பட்டவளின் பெயரில் மொழிக்கு மிஞ்சியது ‘நீலிக்கண்ணீர்’ என்ற ஒரு சொல். பெண்ணின் அழுகையை நம்பாதே என்று அதற்குப் பொருள்.

அக்காவை ஆட்டோவில் ஏற்றிய அன்று எங்கள் வீட்டில் பிணை நின்றவர்கள் மூன்று பேர். அப்பா, அம்மா, நான். யாரும் தீப்பாயவில்லை. பிறகு அவள் போய் நின்ற மகளிர் காவல் நிலையம் ஒன்றிலும் முதல் முறை அனுசரித்துப் போகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். 2005இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. அது அடியை மட்டுமல்ல, மிரட்டலையும் மனத்தை வதைப்பதையும் வன்முறை என்கிறது. ‘தாழ்ப்பாள் போடுறப்ப பயமா இருக்கு’ என்பது, கேட்க ஆள் இருந்தால், அங்கே முதல் வாக்கியமாகலாம்.

இப்போது இந்தக் கதைகள் கைபேசிக்கு வந்துவிட்டன. ‘ஆன்டி ஹீரோ’ என்றே ஒரு வகை. கடத்துகிறான், அடிக்கிறான், தாலி கட்டுகிறான், கடைசியில் உருகுகிறான். எழுதுகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி, இதையெல்லாம் படிப்பது தப்பா மேடம் என்று கேட்டாள். தப்பில்லை என்றேன். கதையில் எந்தப் பக்கத்தில் உனக்கு முதலில் பயம் வந்தது என்று குறித்து வை, முடிவு என்ன சொன்னாலும் அந்தக் குறிப்பை அழிக்காதே என்றேன். அவள் ஒப்புக்கொண்டாளா தெரியாது. பயப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது, முடிவு நல்லதாக இருக்கும் என்ற உறுதியோடு பயப்படுவதில் அதிகச் சுகம். வாழ்க்கை அந்த உறுதியைத் தருவதில்லை என்பது தெரிந்தவர்களும்தான் அதைத் தேடிப் போகிறார்கள்.

அக்கா இப்போது அடையாறில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். இப்போதும் அதே நாவல்கள்தான். லஸ் நடைபாதைக் கடையில் பழைய பிரதிகளாகத் தேடி வாங்குகிறாள். போன மாதம் அவளிடம் கேட்டேவிட்டேன்: இவ்வளவு ஆனபிறகும் எப்படிக்கா இதைப் படிக்க முடிகிறது?

நல்ல காது என் பக்கம் வரும்படி திரும்பி உட்கார்ந்தாள். “இதுல அவளுக்குப் பயமா இருக்குன்னு முதல் பக்கத்துலயே எழுதிடறாங்க. நான் சொன்னப்ப யாரு கேட்டீங்க?”

நான் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப கடைசி அத்தியாயம்?” என்றேன்.

“அதை யாரு படிக்கறா” என்றாள்.